பத்து மணி மாத்திரை

யாராவது கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுகிறேன். அந்த ஐம்பத்திரண்டு நிமிடமும் எங்கே இருந்தாய் என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டால் போதும், மறைக்க மாட்டேன். நானாகப் போய்ச் சொல்வதற்கு நான் என்ன செய்துவிட்டேன்? கண்ணை மூடியிருந்தேன். அவ்வளவுதானே. கண்ணை மூடக் கூடாதென்று எந்த விதிமுறையில் எழுதியிருக்கிறது?

ஒன்பது நாளாக எனக்குள் இதே பேச்சுதான். பல் துலக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கும்போது. பேசி முடித்ததும் மனசு கொஞ்சம் அடங்கும். அரை மணி நேரத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"டாக்டரம்மா, அந்த டப்பாவ மூணாவது தடவையா எண்ணுறீங்க. அது குட்டி போடாது" என்றார் கிரேவின். மருந்தாளரையும் எங்கள் ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினைந்து வருடமாக என்னோடு இந்த அடித்தளத்து மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் ஜன்னலில் தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஆகஸ்ட் மழைக்கு எல்லாக் கால்களும் ஓடிக்கொண்டிருந்தன.

"எண்ணல. பாத்துட்டு இருக்கேன்."

"உதடு அசையுதே."

டப்பாவை அலமாரியில் வைத்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மதியம் மூன்று மணிக்குத் துணை இயக்குநர் ஆர்கேதாஸ் அறையில் நான் இருக்க வேண்டும். அறிக்கையில் கையெழுத்துப் போட.

அந்த அறிக்கையை ஆரம்பித்து வைத்ததே நான்தான். போன வருடம் மழைக்காலத்தில் மருந்து வண்டி தள்ளுகிற நான்கு பேரில் இரண்டு பேர் முதுகுவலியில் படுத்துவிட்டார்கள். வார்டுகளுக்கு மருந்து இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனது. தொலைபேசி அடிக்கும், நான் மன்னிப்புக் கேட்பேன். மறுபடி அடிக்கும், மறுபடி கேட்பேன். ஒரு நாள் இனி மன்னிப்பே கேட்கக் கூடாதென்று முடிவு செய்து, மருந்து கொண்டுபோக ரோபோ சரிப்படுமா என்று பார்க்கலாமே என எழுதிக் கொடுத்தேன். ஆர்கேதாஸுக்குப் பிடித்துப்போயிற்று. "யோர்லேனி, நீங்களே பாத்து சொல்லுங்க" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்.

முதல் மூன்று மாதம் வண்டி தள்ளுபவர்களுக்கும் மருந்து வாங்க வரும் நர்ஸ்களுக்கும் பின்னால் கடிகாரத்தோடு நடந்தேன். மருந்தகத்திலிருந்து மூன்றாம் மாடி ஆண்கள் வார்டுக்கு நடக்கிற தூரம் ஆறு நிமிடம். போய்ச்சேர ஆனது இருபத்து மூன்று. மிச்சம் பதினேழும் எங்கே போயின என்று ஒவ்வொன்றாக எழுதினேன். லிஃப்டுக்குக் காத்திருந்தது நான்கு. எக்ஸ்ரே வாசலில் நின்று யாரோ ஒருவரின் மாமியார் முழங்காலை விசாரித்தது இரண்டரை. சமையலறையிலிருந்து ஒரு கை நீட்டிய சோளத்தோசையைப் பாதி பிய்த்து வாயில் போட்டு, மீதியை அடுத்தவருக்குக் கொடுத்தது ஒன்றே கால். எல்லாவற்றுக்கும் மேலே 'வீணான நேரம்' என்று தலைப்புப் போட்டேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடி நர்ஸ் தெயானீரா எனக்குக் 'கடிகாரம்மா' என்று பெயர் வைத்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். என்னைத் தூரத்தில் கண்டாலே நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, "பிள்ளைங்களா, மூச்ச வேகமா விடுங்க, கடிகாரம்மா வர்றாங்க!" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்காது. இதையும் சொல்லிவிடுவது நல்லது.

எண்ணுவது ஒரு நோய்போல ஒட்டிக்கொண்டது. படிகளை எண்ணினேன். பல்லி சுவரில் அசையாமல் இருக்கும் வினாடிகளை எண்ணினேன். ஒரு காலை என் கணவர் ரொலாந்தோ துணிப்பையில் காப்பி வடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை நீட்டும்போது, "நாலு நிமிஷம் பத்து வினாடி" என்றேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார். "நல்லாயிருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தக் காப்பியின் ருசி என்னவென்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ரோபோ ஜூலை ஆரம்பத்தில் வந்தது. இடுப்பு உயரம், வெள்ளை நிறம், ஆறு இழுப்பறை, அடியில் சக்கரம். ஆள் குறுக்கே நின்றால் நிற்கும். எங்கள் பேச்சில் இல்லை, ஸ்பெயின் நாட்டுக்காரர்களின் விறைப்பான பேச்சில், "அன்புகூர்ந்து வழிவிடுவீர்களாக" என்று சொல்லும். அதைக் கேட்டு முதல் நாளே மருத்துவமனை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. வெள்ளை உடுப்பு, மெதுவான நடை, எதிரே வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நிற்கிறார்கள், தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை: சாயங்காலத்துக்குள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வந்துவிட்டது.

முப்பது நாள் சோதனை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நடை நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டும். பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு நடை. அதாவது இருபது தாமதம்வரை மன்னிப்பு உண்டு, இருபத்தொன்று கிடையாது.

இன்னொன்றும் செய்தேன். ஒவ்வொரு வார்டிலும் ஒரு அவசர இழுப்பறை இருந்தது. அடிக்கடி தேவைப்படுகிற மாத்திரைகளில் நான்கைந்து அதில் எப்போதும் கிடக்கும். காலாவதியானவையும் கிடக்கும். மாப்பிள்ளை அந்தந்த மணிக்கு அந்தந்த மருந்தைக் கொண்டுவரும்போது இது எதற்கு என்று எல்லா இழுப்பறைகளையும் காலி செய்ய வைத்தேன். தெயானீரா மட்டும், "தண்ணி வராத வீட்டுல வாளிய எடுத்துட்டுப் போறீங்க" என்றாள். குழாய் போட்டாயிற்று என்று பதில் சொன்னேன். எனக்கே என் பதில் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் இரண்டு. மாதா திருநாள், நாடு முழுவதும் விடுமுறை. பாதி ஊர் முந்தின நாளே கார்தாகோ பேராலயத்துக்கு நடக்கத் தொடங்கியிருந்தது, கறுப்பு மாதாவைப் பார்க்க. எங்கள் மருத்துவமனையிலும் கால் கொப்புளித்துத் திரும்பியவர்கள் போக மிச்சம் பேர்தான் பணியில். நடக்க முடியாத நோயாளிகளுக்காக ஒவ்வொரு வருடமும் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் தேவாலயத்து மாதா சிலை, ஒரு சாண் உயரம்தான் இருக்கும், வார்டு வார்டாக வரும். அன்றைக்கு மட்டும் சோதனையை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன். ரோபோ நிறுவனத்தின் பொறியாளர், "அதுக்கு ஏதுங்க லீவு?" என்று சிரித்தார். நானும் வற்புறுத்தவில்லை. கூட்டத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க எனக்கும் ஆசை இருந்தது.

பத்து மணி நடையில் இருந்தது பெரியவர் அபெலின், எங்கள் வழக்கில் தோன் அபெலின், மாத்திரை. எழுபத்தொரு வயது, புந்தாரேனாஸ் தடத்தில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பார்க்கின்சன் நோய். அந்த மாத்திரை பத்து நிமிடம் தள்ளிப்போனால் விரல் இறுகும். அரை மணி தள்ளிப்போனால் உடம்பே கட்டைபோல ஆகிவிடும், விழுங்குவதே கஷ்டம். இது எனக்குத் தெரியும். அந்த நடைக்குச் சிவப்பு அடையாளம் வைத்ததே நான்.

மாப்பிள்ளை அடித்தளத்து லிஃப்டிலிருந்து தரைத்தளத்தில் இறங்கியபோது சரியாகப் பத்து. அங்கிருந்து நீண்ட நடைபாதையைக் கடந்து மறுமுனை லிஃப்டுக்குப் போக வேண்டும். அதே நேரம் தேவாலயக் கதவு திறந்தது. முன்னால் பல்லக்கில் மாதா, நான்கு பேர் தோளில். பின்னால் வெளிநோயாளிகள், சமையல்காரப் பெண்கள், எக்ஸ்ரே அறைக்காரர்கள், சக்கர நாற்காலிகள், பாட்டு. மாப்பிள்ளை நின்றது. "அன்புகூர்ந்து வழிவிடுவீர்களாக" என்றது. கூட்டம் சிரித்துக்கொண்டு வழிவிட்டது, அதுவும் எந்தப் பக்கம்? மாதாவின் பின்னால் போகும்படி.

"பாருங்க, இதுக்கும் பக்தி வந்துடுச்சு!"

"விடுங்க, விடுங்க. மாப்பிள்ளையும் வரட்டும். கல்யாணம் கூடி வர வேண்டாமா?"

யாரோ அதன் தலையில் ஒரு நீலப் பூங்கொத்தை வைத்தார்கள். கூட்டம் நின்றால் அது நின்றது. கூட்டம் நகர்ந்தால் நகர்ந்தது. எங்கேயும் திரும்ப முடியவில்லை. பார்ப்பவர்களுக்கு அது ஊர்வலத்தில் நடப்பதுபோலவே இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் மாதா நின்றாள், ஒவ்வொரு வாசலிலும் அதுவும் நின்றது. அதைத் தள்ளிவிடவோ தடுக்கவோ யாருக்கும் தோன்றவில்லை. வருகிறேன் என்று சொல்பவரை இங்கே யார் வேண்டாம் என்பார்கள்?

நான் அதன் பின்னாலேயே நடந்தேன். முதல் ஐந்து நிமிடம் கைபேசியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சமையல்காரப் பெண் என் கையில் மின்கல மெழுகுவர்த்தி ஒன்றைத் திணித்தாள். அதைப் பிடிக்க, கைபேசியைப் பையில் போட்டேன். மற்றக் கையை வைக்க இடமில்லாமல் மாப்பிள்ளையின் மேல்மூடியில் வைத்தேன். இளம் சூடாக இருந்தது. பாட்டு எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டு. வாய் தானாகப் பாடியது. எப்போது கண்ணை மூடினேன் என்று தெரியவில்லை.

அதைப் பற்றி என்ன சொல்வது? எண்ணிக்கை நின்றுவிட்டது. ஒரு வருடமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன முள் நின்றுவிட்டது. எனக்குப் பெரிய பக்தி கிடையாது. மாதாவை நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எதையும் நினைக்கவில்லை. அடி எடுத்து வைத்தேன், நின்றேன், அடி எடுத்து வைத்தேன். என் கைக்கு நான்கு விரல் கீழே, பூட்டிய இழுப்பறையில், தோன் அபெலின் மாத்திரை கிடந்தது. எல்லா இழுப்பறைகளையும் திறக்கும் எண் என்னிடம் இருந்தது.

யாரோ என் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். கண்ணைத் திறந்தேன். தெயானீரா. முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, குனிந்து எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்; பெட்டியின் கணக்கில் அவள் பயனர் 14. இழுப்பறை திறந்ததும் மாப்பிள்ளை ஊளையிட ஆரம்பித்தது. பாட்டு அறுந்தது.

"என்னம்மா இது, மாதா முன்னாடி!"

"மாதா மன்னிப்பாங்க. தள்ளுங்க!"

மாத்திரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினாள். அந்த உடம்போடு மூன்று மாடி. மணி பத்து ஐம்பத்திரண்டு.

அதன்பிறகு மாப்பிள்ளை அசையவில்லை. சேர வேண்டிய இடத்தில் அல்லாமல் வேறெங்காவது திறந்தால் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பொறியாளர் வந்துதான் எழுப்ப வேண்டும். அவர் வருவதற்குள் இன்னும் ஐந்து நடை தாமதம்.

மூன்றாம் மாடிக்கு மாதா பதினொன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தோன் அபெலுக்கு அன்று காலையிலேயே முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். அவரே தன் கையால் சிலுவை அடையாளம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்ய இன்னும் நேரம் இருந்தது. கை மடியிலேயே கிடந்தது. எச்சில் மட்டும் வழிந்தது. தெயானீரா முதலில் அதைத் துடைத்துவிட்டு, அப்புறம் அவர் கையைத் தன் கையில் எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனாளாம். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம், அப்படி வேண்டாம் என்பதுபோல. இதெல்லாம் கிரேவின் சொன்னது. நான் மாடிக்குப் போகவில்லை.

மறுநாளே தெயானீரா சம்பவப் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்தே காலுக்கும், பத்து இருபத்தைந்துக்கும், பத்து முப்பத்தைந்துக்கும் மருந்தகத்தைக் கூப்பிட்டதை எழுதியிருந்தாள். மூன்று தடவையும் "கிளம்பியாச்சு" என்று பதில் வந்ததை எழுதியிருந்தாள். இறங்கி வந்து திறந்ததை எழுதியிருந்தாள். என் கையை நகர்த்தியதை எழுதவில்லை. நான் அங்கே இருந்ததாகவே இல்லை அந்தத் தாளில். நான்கு தடவை படித்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். உட்கார முடியவில்லை.

அவள் எங்களிடம் பதினொரு வருடமாகத் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புத் தாள். இந்த வெள்ளிக்கிழமை நிரந்தரப் பணிப் பட்டியல் போகிறது. மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு இடம், முதல் பெயர் அவளுடையது. கோப்பில் ஒரு வரி குறிப்பு விழுந்தால் போதும், பெயர் கடைசிக்குப் போய்விடும். இது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடப் போக வேண்டிய அன்று மதியம், அவளே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்தாள். ஒரு சீட்டை உள்ளே தள்ளினாள்.

"கிரேவின் ராஜா, இத எடுத்துக் குடுங்க. கடிகாரம்மாவ ஒரு நிமிஷம் இங்க அனுப்புங்க. ஒரு நிமிஷம்தான், வேணும்னா எண்ணிக்கட்டும்."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். நடைபாதையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ரிப்போர்ட் இன்னிக்காமே" என்றாள்.

"மூணு மணிக்கு."

"பதினாலாம் நம்பர் ஆள் நடுவுல புகுந்து கெடுத்தாங்கன்னு எழுதப் போறாங்களாம். கேள்விப்பட்டேன்." சுவரில் சாய்ந்தாள். "நான் உதவி கேட்டு வரல டாக்டரம்மா. அத முதல்ல சொல்லிடுறேன். நடுவுல புகுந்தது நான்தான். திறந்தது நான்தான். மறுபடி நடந்தாலும் திறப்பேன்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"தோன் அபெல் இன்னிக்கு வீட்டுக்குப் போறாரு. போற வழிக்கு ரெண்டு வேளை மாத்திரைய கையில குடுத்து அனுப்பணும். வழியில மழை, பாலத்துல வண்டி நிக்கும். உங்க பெட்டி கார்வரைக்கும் வராதே. சீட்டுல கையெழுத்து வேணும்."

ஜன்னலில் கிடந்த சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் சீட்டையும் கிரேவின் எடுத்து வைத்த மாத்திரைகளையும் பையில் வைத்தாள். நகரவில்லை. நானும் நகரவில்லை. ஒன்பது நாளாக யாராவது கேட்க வேண்டுமென்று காத்திருந்தவள், கடைசியில் நானே கேட்டேன்.

"நான் அங்க இருந்தத ஏன் எழுதல?"

"எழுதினா என்ன? உங்களுக்கும் விளக்கம் கேட்டு ஒரு காயிதம் வரும். எனக்கு வர்றது வராம போகுமா?"

"அதுக்காக மட்டுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"மூணு மாசம் என் முதுகுக்குப் பின்னாடியே நடந்தீங்க. எனக்கு உங்க மேல எவ்வளவு எரிச்சல்னு உங்களுக்கே தெரியும். அன்னிக்கு வந்து பாக்குறேன், கையில கடிகாரம் இல்ல, கண்ண மூடிட்டு, வாய்க்குள்ள பாடிட்டு, சின்னப் புள்ள மாதிரி நிக்குறீங்க. சுருதி வேற சேரல." லேசாகச் சிரித்தாள். "ஒரு மனுஷி அப்படி நிக்கிறத போய் படிவத்துல எழுதுவாங்களா? எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அவர் மாத்திரை என் கைக்குக் கீழ இருந்துச்சு."

"தெரியும். அந்தக் கைய நான்தானே நகத்தினேன்." அவள் கிளம்பினாள். நாலடி போய்த் திரும்பினாள். "அதுக்கு உங்கள நான் மன்னிச்சேன்னு நினைச்சுக்காதீங்க. எழுதல, அவ்வளவுதான்."

உள்ளே வந்தேன். கிரேவின் காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு வாய் குடித்தேன். பொய் எழுதச் சொன்னால் மறுப்பது சுலபம். ஆனால் அவர்கள் கேட்பது பொய்யா? இழுப்பறையை வேறிடத்தில் திறந்தது அவள்தான். பெட்டி பூட்டிக்கொண்டது அதனால்தான். பின்னால் வந்த ஐந்து தாமதத்துக்கும் காரணம் அதுதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மையான சொற்களை இப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் ஒரு பெண் தனியாக அகப்பட்டுக்கொள்கிறாள்; மற்றவர்கள் எல்லாம் எங்கோ போய்விடுகிறோம். இழுப்பறையைக் காலி செய்தவள் போய்விடுகிறாள். கண்ணை மூடியவள் போய்விடுகிறாள்.

அதோடு, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அந்த ரோபோ வேண்டியிருந்தது. இப்போதும் வேண்டும். அது வந்தால் முதுகு போகாது, தொலைபேசி அடிக்காது, இரவுப் பணியில் யாரும் குழம்பிப்போய் ஒருவர் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு வருட உழைப்பு. முன்பே பதினேழு தாமதம் ஆகியிருந்தது. இந்த ஆறும் சேர்ந்தால் இருபத்து மூன்று. தேறாது. இந்த ஆறையும் 'பணியாளர் குறுக்கீடு' என்ற கட்டத்துக்கு நகர்த்தினால் தேறிவிடும். ஒரு வரி.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாடியேறினேன். படிகளை எண்ணினேன். முப்பத்தெட்டு.

ஆர்கேதாஸ் கெட்ட மனிதர் இல்லை. என் தம்பி விபத்தில் கிடந்தபோது மூன்று நாள் தினமும் வந்து பார்த்தவர். நான் உள்ளே போனதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் அறிக்கை, ஏழு பக்கம், கடைசிப் பக்கம் திறந்தபடி.

"உக்காருங்க யோர்லேனி. நல்லா எழுதியிருக்கீங்க. நிர்வாகக் குழுவுல ரொம்ப சந்தோஷப்படுவாங்க. அஞ்சாம் பக்கத்துல மட்டும் ஒரு வரி சேத்திருக்கோம். பாருங்க."

பார்த்தேன். 'ஆகஸ்ட் 2: ஆறு தாமதங்கள். காரணம்: பயனர் 14, குறித்த இடத்துக்கு வெளியே இழுப்பறையைத் திறந்தமை.'

"ஆறுல முதல் தாமதம் திறக்கறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு டாக்டர்" என்றேன். "ஐம்பத்திரண்டு நிமிஷம்."

"அது ஊர்வலம். வருஷத்துக்கு ஒரு நாள் வர்றது. அத எந்த இயந்திரத்துக்கும் குறையா சொல்ல முடியுமா?" குரல் மென்மையாகவே இருந்தது. "பேர் போடல, கவனிச்சீங்களா? நம்பர் மட்டும்தான்."

"பதினாலு யாருன்னு வாசல்ல ஐஸ் விக்கிறவருக்குக்கூடத் தெரியும்."

சிரித்தார். "அது உண்மைதான்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "அவங்களுக்கு இந்த மாசம் இல்லன்னா அடுத்த வருஷம் இடம் வரும். நான் பாத்துக்கறேன். இந்த ரோபோ போச்சுன்னா மறுபடி வராது. நீங்க எவ்வளவு அலைஞ்சீங்க, எனக்குத் தெரியாதா?"

பதினொரு வருடமாக அடுத்த வருஷம் என்று அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? நான்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன், காப்பி வரிசையில் நின்றபோது, எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"டாக்டர், அந்த நேரத்துல நான் அதுக்குப் பின்னாடிதான் நடந்துட்டு இருந்தேன். கை அது மேலயே இருந்துச்சு. என்கிட்ட எண் இருந்துச்சு. திறக்கல. மறந்துட்டேன்."

அவர் பேனாவை விரலில் உருட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்திருந்தது.

"அத யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு? நீங்க இந்த ஆய்வுக்குப் பொறுப்பு. உங்க பேர் அதுல வந்தா ஆய்வே செல்லாதும்பாங்க." தாளை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை அதன்மேல் குறுக்காக வைத்தார். "நீங்க சொன்னத நான் மனசுல வச்சுக்கறேன். இந்தத் தாளுக்கு அது தேவையில்ல. போடுங்க."

பேனாவை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர் அச்சடித்திருந்தது: யோர்லேனி கெசாதா மோந்தேரோ, மருந்தாளர், ஆய்வுப் பொறுப்பாளர். அதற்கு மேலே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நாளாக உள்ளே ஓடிய பேச்சு திடீரென்று நின்றுவிட்டது. சமாதானம் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்டவர் அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார், இனிமேல் செய்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது என்று தோன்றியது.

பேனாவை மூடி, அதை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"ஆறையும் ரோபோ கணக்குல எழுதித் தாங்க. போடுறேன்."

"தேறாதே."

"தேறாது."

"யோர்லேனி." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "அவசரப்படாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரொலாந்தோகிட்ட பேசுங்க. நல்லா தூங்கி எழுந்து, காலையில எட்டு மணிக்குக் கொண்டாங்க. பட்டியல் வெள்ளிக்கிழமைதானே போகுது."

தாள்களை உறையில் போட்டு நீட்டினார். வாங்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தேன்.

"காலையிலயும் போட மாட்டேன் டாக்டர்" என்றேன்.